பிரித்தானியப் பாஸ்போர்ட்டுடன் பிரான்சில் குடியேற: முதல் வருடத்தில் எதை எதற்கு முன் செய்வது

2020 டிசம்பர் 31 வரை பிரித்தானியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர் பாரிசுக்கு வந்து வீடு எடுத்து வேலை செய்ய யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை. அந்தத் தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்தவர்களுக்கு அந்த உரிமை இன்றும் இருக்கிறது. அவர்களுக்கென்று தனி வதிவிட அட்டை உண்டு. அதற்குப் பின் வருகிறவர், பிரான்சின் கணக்கில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் வேறு எந்த நாட்டவரையும் போன்றவர்தான். லண்டனிலும் லெஸ்டரிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் பலர் இதை இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை. "பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தானே, வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று சூட்கேசுடன் இறங்குகிறார்கள். கலியாணம் முடித்து வருகிற பிள்ளைகள் இதில் அகப்படுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரான்சில் ஒவ்வொரு காகிதமும் அடுத்த காகிதத்துக்குத் திறப்பு. விலாசச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு கிடைக்காது. வங்கி இலக்கம் இல்லாமல் மருத்துவக் காப்புறுதிப் பணம் வராது. வரிப் பத்திரம் இல்லாமல் அடுத்த வீடு எடுப்பது சிரமம். அவற்றை வரிசை தப்பாமல் செய்தால் முதல் வருடம் தாங்கக்கூடியதாக இருக்கும்.

புறப்படுவதற்கு முன்: விசா

விசா இல்லாமல் நீங்கள் இருக்கக்கூடியது, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள். இந்தக் கணக்கு ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஜெர்மனியில் மாமா வீட்டில் நின்ற இரண்டு வாரமும் இதில் சேரும். 2025 அக்டோபர் 12 இலிருந்து எல்லையில் முகமும் கைரேகையும் கணினியில் பதிகிற முறை படிப்படியாக வந்துவிட்டதால், "முத்திரை குத்தவில்லை, தெரியாது" என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. உங்கள் பாஸ்போர்ட்டையும் பாருங்கள்: உள்ளே வரும் நாளில் அது வழங்கப்பட்டு பத்து வருடம் தாண்டியிருக்கக்கூடாது, நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

குடியேற வருகிறவர் பிரித்தானியாவில் இருந்தபடியே நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, லண்டனிலோ மான்செஸ்டரிலோ எடின்பரோவிலோ நேரில் போய்க் கொடுப்பது நடைமுறை. பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பாகத்தான் ஏற்பார்கள். சுற்றுலாவாக வந்து இங்கே இருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கலியாணத்தால் வருகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள். மணமகனோ மணமகளோ பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரானால், அதற்கென்று தனி விசா உண்டு. அதற்கு விசாக் கட்டணம் இல்லை. ஆனால் பிரித்தானியாவில் நடந்த கலியாணத்தை முதலில் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும், அதற்கே மாதக்கணக்காகலாம். கலியாண மண்டபம் பதிவு செய்யும்போதே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள். மணத்துணை பத்து வருட வதிவிட அட்டை மட்டும் வைத்திருப்பவர், குடியுரிமை இல்லை என்றால் நிலைமை வேறு. அவர்தான் பிரான்சில் இருந்து குடும்ப இணைவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; பொதுவாக 18 மாதமாவது சட்டப்படி இங்கே இருந்திருக்க வேண்டும்; வருமானத்தையும் வீட்டின் அளவையும் பார்ப்பார்கள். அகதி அந்தஸ்து உள்ளவருக்கும், கலியாணம் அவருடைய அகதி விண்ணப்பத்துக்குப் பின் நடந்திருந்தால், இதே வழிதான். மணத்துணை பிரான்சில் வசிக்கும் டச்சு அல்லது டேனிஷ் அல்லது ஜெர்மன் குடிமகன் என்றால், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் நேரடியாக உங்களைக் காக்கும். நீண்டகால விசா இல்லாமலே வந்து இங்கே அட்டை கேட்கலாம். பிரெஞ்சுக்காரரை மணந்தவருக்கு இல்லாத வசதி இது. நியாயமாகத் தோன்றாவிட்டாலும் சட்டம் அப்படித்தான்.

வேலை செய்யாமல் சேமிப்பிலோ பென்ஷனிலோ வாழ வருகிறவருக்கு 'விசித்தர்' விசா. பிரெஞ்சுக் குறைந்தபட்சச் சம்பளத்தின் அளவுக்கு வருமானமும் தனியார் மருத்துவக் காப்புறுதியும் காட்டவேண்டும். இங்கே வேலை செய்ய முடியாது.

பெயர்: லண்டனிலேயே சரிபார்க்கவேண்டியது

எங்கள் ஆட்கள் அதிகம் சிக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். பிரித்தானியாவில் கலியாணத்துக்குப் பிறகு கணவனின் பெயருக்குப் பாஸ்போர்ட்டை மாற்றிவிடுகிறோம். பிரான்சில் அரசாங்கம் ஒருவரைப் பிறப்புப் பெயரால்தான் சாகும்வரை அடையாளம் காண்கிறது. கணவன் பெயர் பக்கத்தில் எழுதிக்கொள்ளும் இரண்டாம் பெயர் மட்டுமே. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிறப்புச் சான்றிதழில் தன் பெயரும் தகப்பன் பெயருமாக இருந்து, பிரித்தானியப் பாஸ்போர்ட்டில் கணவனின் பெயர் குடும்பப் பெயராக ஏறிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். காப்புறுதி அலுவலகத்துக்கு அவர் இரண்டு வெவ்வேறு ஆட்கள். இந்த முடிச்சை அவிழ்க்கக் கையில் இருக்கவேண்டியவை: தாய் தகப்பன் பெயர் உள்ள முழுநீளப் பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், பெயர் மாற்றியிருந்தால் அந்த உறுதிப்பத்திரம். பிரித்தானியாவில் பிறந்தவர் என்றால் குறுஞ்சான்றிதழ் செல்லாது, முழுச் சான்றிதழைப் புதிதாக எடுத்து வாருங்கள். மொழிபெயர்ப்பைப் பிரெஞ்சு நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்வது நல்லது. தமிழுக்கும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எல்லாப் படிவத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலை, ஒரே வரிசையில் எழுதுங்கள்.

சாமான்

வீட்டுச் சாமானைக் கொண்டுவர வரி இல்லை; ஆனால் நிபந்தனை உண்டு. ஒரு வருடமாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும். பொருட்கள் ஆறு மாதமாவது உங்களுடையதாக இருக்கவேண்டும். பெறுமதியோடு ஒரு பட்டியல் எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். குடியேறி 12 மாதத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

சாப்பாட்டில் கவனம். பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுவருவது 2021 இலிருந்து தடை. அம்மா கட்டித்தந்த மட்டன் ரோல்ஸும் அதில் அடங்கும். பெரும்பாலான மரக்கறி பழங்களுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், கறிவேப்பிலையையும் விடமாட்டார்கள். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் முருங்கைக்காய் முதல் ராசவள்ளி வரை கிடைக்கிறது, சுமக்கத் தேவையில்லை. மிக்சியும் கிரைண்டரும் கொண்டுவரலாம். மின்னழுத்தம் ஒன்றுதான், செருகி மட்டும் மாற்றவேண்டும்.

வந்து இறங்கிய முதல் மூன்று மாதம்

விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தாலும் வேலை முடியவில்லை. வந்து மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிப்படுத்தி, வரி முத்திரை வாங்கிச் செலுத்தவேண்டும். முத்திரையை இணையத்திலும் வாங்கலாம், புகையிலைக் கடையிலும் வாங்கலாம். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் உங்கள் இருப்பே சட்டவிரோதமாகிவிடும். வந்த வாரமே செய்யுங்கள்.

பிறகு விலாசம். சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறவருக்கு ஒரு நேர்வழி உண்டு: "இவர் என் வீட்டில் வசிக்கிறார்" என்று வீட்டுக்காரர் தேதியிட்டுக் கையொப்பம் வைத்த கடிதம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, அவருடைய மூன்று மாதத்துக்கு உட்பட்ட கறண்ட் பில். மூன்றும் சேர்ந்தால்தான் செல்லும்.

இத்தோடு கடிதப்பெட்டி. லண்டனில் கதவு இலக்கம் சரியென்றால் கடிதம் உள்ளே விழும். இங்கே அடுக்குமாடியின் கீழே வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். உங்கள் பெயர் பெட்டியில் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டை, காப்புறுதிக் கடிதம், வதிவிட அழைப்பு எல்லாம் இந்தப் பெட்டிக்குத்தான் வரும். வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் அன்றைக்கே ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் பிறப்புப் பெயரையும், இரண்டு இருந்தால் இரண்டையும். பதிவுத் தபால் வந்தபோது வீட்டில் ஆள் இல்லையென்றால் 15 நாளைக்குத்தான் தபால் நிலையத்தில் வைத்திருப்பார்கள்.

வங்கிக்குப் பாஸ்போர்ட், விலாசச் சான்று, விசா, பிரித்தானிய வரி இலக்கம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கணக்குத் திறந்ததும் 'ரிப்' என்ற ஒரு தாளைத் தருவார்கள்: உங்கள் பெயரும் 27 எழுத்து இலக்கங்களான கணக்கு எண்ணும் இருக்கும். வேலை தருகிறவர், கறண்ட் கம்பெனி, தொலைபேசி, மருத்துவக் காப்புறுதி என்று எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். வங்கி கணக்குத் தர மறுத்தால் மனம் தளரவேண்டாம். மறுப்பை எழுத்தில் வாங்கி பிரான்ஸ் மத்திய வங்கியிடம் கொடுத்தால், அது ஒரு வங்கியைக் குறித்து அங்கே கணக்குத் திறக்கவைக்கும். அது சட்டம் தரும் உரிமை. இங்கே காசோலை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பணம் இல்லாமல் எழுதி, பிறகும் சரிசெய்யாவிட்டால் ஐந்து வருடத்துக்குக் காசோலை எழுதத் தடை விழும். பிரித்தானியக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவரின் கணக்கைச் சில வங்கிகள் அங்கே மூடிவிடுகின்றன என்பதால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சொந்தமாக வாடகை வீடு

வீட்டுக்காரர் பார்ப்பது உங்கள் கோப்பை. வாடகையின் மூன்று மடங்கு சம்பளம், பிணை நிற்க ஒருவர், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வரிப் பத்திரம். புதிதாக வந்தவரிடம் பிரெஞ்சு வரிப் பத்திரம் இருக்காது. வேலை ஒப்பந்தத்தையும் பிரித்தானியச் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து, ஏன் இல்லை என்று அரைப்பக்கக் கடிதம் வையுங்கள். 30 வயது வரையானவருக்கு 'விசால்' என்ற இலவசப் பிணைத் திட்டம் இருக்கிறது. வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேட்க வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை, கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை.

முற்பணம்: தளபாடம் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, தளபாடத்தோடு என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் கேட்கக்கூடாது. சாவி வாங்கும் நாளில் வீட்டின் நிலையை அறை அறையாக எழுதிக் கையொப்பமிடுவார்கள். 'எத்தா தெ லியூ' என்பார்கள். அவசரப்படுத்துவார்கள், அசையாதீர்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள், ஜன்னல் பூட்டை இழுத்துப் பாருங்கள், நிலத்தில் உள்ள கீறலை எழுதவையுங்கள், தேதியோடு படம் எடுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கப் பத்து நாள் அவகாசம் உண்டு. வெளியேறும்போது முற்பணம் முழுதாகத் திரும்புமா என்பதை இந்தத் தாள்தான் தீர்மானிக்கும்.

வீட்டுக் காப்புறுதி இங்கே வாடகைக்காரருக்குச் சட்டப்படி கட்டாயம். அதன் சான்றிதழ் இல்லாமல் சாவி தரமாட்டார்கள். கறண்ட் எடுக்க மானியில் உள்ள 14 இலக்க எண் வேண்டும். லிங்கி என்ற புதுவகை மின்மானியில் '+' பொத்தானை அழுத்திக்கொண்டு போனால் தெரியும். அப்போது எத்தனை கிலோவோல்ட்-ஆம்பியர் என்று கேட்பார்கள். பிரித்தானியாவில் இந்தக் கேள்வியே கிடையாது. மலிவு என்று 3ஐ எடுத்தால், ஓவனும் துணி தோய்க்கும் மெசினும் ஒன்றாக ஓடும்போது வீடு இருண்டுவிடும். மின்சூடாக்கி உள்ள குடும்ப வீட்டுக்குக் குறைந்தது 9 எடுங்கள்.

மருத்துவம்

என்.எச்.எஸ். உரிமை பாஸ்போர்ட்டால் வருவதில்லை, வசிப்பதால் வருவது. இங்கே குடியேறினால் அங்கே அது நின்றுவிடும். உங்கள் பழைய வைத்தியரிடம் சொல்லிப் பெயரை எடுங்கள், முக்கிய அறிக்கைகளின் பிரதியைக் கையோடு கொண்டுவாருங்கள்.

வேலை செய்கிறவருக்கு வேலை தொடங்கியதிலிருந்தே பிரெஞ்சுக் காப்புறுதியில் உரிமை உண்டு. வேலை இல்லாதவர் மூன்று மாதம் தொடர்ந்து வசித்த பிறகு விண்ணப்பிக்கலாம். கணவன் மனைவி இருவரும் தனித்தனியாகத்தான் போடவேண்டும். பிரித்தானிய அரச ஓய்வூதியம் எடுக்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: புறப்படுமுன் 'எஸ்1' படிவத்தைப் பிரித்தானியாவில் கேட்டு எடுத்துவந்து இங்கே பதிந்தால், செலவைப் பிரித்தானியா ஏற்கும், போய்வரும்போது அங்கேயும் வைத்தியம் பார்க்கலாம்.

விண்ணப்பித்தபின் முதலில் தற்காலிக இலக்கம் வரும். 7இலோ 8இலோ தொடங்கும். நிரந்தர இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று தொடங்கி, பிறந்த வருடம், மாதம், பிறகு பிரான்சுக்கு வெளியே பிறந்தவர் என்பதற்கு 99 என்று போகும். இந்த இலக்கங்கள் உங்கள் பிறந்த தேதியோடு பொருந்துகிறதா என்று வந்தவுடன் பாருங்கள். பிழை இருந்தால் உடனே எழுதுங்கள்; சம்பளச் சீட்டிலும் ஓய்வூதியத்திலும் ஏறிய பிறகு திருத்துவது பெரும் பாடு.

'வித்தால்' என்ற பச்சை நிற மருத்துவக் காப்புறுதி அட்டை கைக்கு வருமுன் வைத்தியரிடம் போனால் ஒரு பழுப்புத் தாள் தருவார். கையொப்பம் வைத்துக் காப்புறுதிக்கு அனுப்புங்கள், எறிந்துவிடாதீர்கள். குடும்ப வைத்தியர் ஒருவரை உங்களுக்குரியவராக அறிவிப்பது முக்கியம். அப்படி அறிவித்தவருக்கு, 2024 டிசம்பர் 22 இலிருந்து உள்ள 30 யூரோக் கட்டணத்தில், 70 வீதத்தில் 2 யூரோ கழித்து 19 யூரோ திரும்பும். அறிவிக்காவிட்டால் 30 வீதம்தான். மீதியைக் கொடுப்பது 'மித்துவெல்' என்ற துணைக் காப்புறுதி. தனியார் துறை வேலை தருகிறவர் அதற்குப் பாதியாவது கட்டவேண்டும். எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனை முடிவும் உங்கள் கையில் தருவார்கள், அடுத்த வைத்தியரிடம் நீங்களே கொண்டுபோகவேண்டும். இதற்கென்று ஒரு கோப்பு வையுங்கள். அவசரத்துக்கு 15 மருத்துவம், 18 தீயணைப்பு, 17 பொலிஸ். எது என்று தடுமாறினால் 112.

லைசென்ஸ், கார்

2021 ஜனவரி 1க்கு முன் வழங்கப்பட்ட பிரித்தானிய லைசென்ஸ் அதன் காலம் முடியும்வரை இங்கே செல்லும். முடிய ஆறு மாதம் இருக்கும்போது மாற்ற விண்ணப்பியுங்கள். அதற்குப் பின் வழங்கப்பட்டதென்றால், குடியேறி ஒரு வருடத்துக்குள் மாற்றவேண்டும். தவறினால் பிரெஞ்சுப் பரீட்சையை முதலிலிருந்து எழுதவேண்டி வரலாம். காரைக் கொண்டுவருவது சுங்கம், பதிவு, முன்விளக்கு மாற்றம் என்று இழுக்கும். அங்கேயே விற்றுவிட்டு இங்கே வாங்குங்கள். விபத்தில்லாமல் ஓட்டியதற்குப் பிரித்தானியக் காப்புறுதி தரும் கடிதத்தை மட்டும் மறக்கவேண்டாம், கட்டணம் குறையும். தெருவில் அடையாளம் எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிடவேண்டும்.

பிள்ளைகள்

பள்ளி மூன்று வயதிலிருந்து கட்டாயம். ஆரம்பப் பள்ளிப் பதிவு நகரசபையில். தடுப்பூசி விபரம் உள்ள சிவப்புப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். பிரித்தானியாவில் போடாத ஏதாவது ஊசி இங்கே கட்டாயமாக இருந்தால் வைத்தியர் போட்டுவிடுவார். பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் பல பள்ளிகளில் உண்டு, கேட்டுச் சேருங்கள்.

வரி

பிரித்தானியாவில் ஏப்ரல் 6இல் தொடங்கும் வரிவருடம் இங்கே ஜனவரி 1இல் தொடங்குகிறது. முதல் தடவை பெரும்பாலும் காகிதப் படிவம். முந்தின வருட வருமானத்துக்கு வசந்தத்தில் போடவேண்டும். வருமானம் பூச்சியம் என்றாலும் போடுங்கள். பதிலாக வரும் பத்திரத்தைத்தான் வீட்டுக்காரரும் பள்ளி உணவகமும் வதிவிட அலுவலகமும் கேட்பார்கள்.

பிரித்தானியாவில் உள்ள ஒவ்வொரு வங்கிக் கணக்கையும், செல்போனில் மட்டும் இருக்கும் கணக்கையும், 3916 என்ற படிவத்தில் அறிவிக்கவேண்டும். விட்ட கணக்கு ஒன்றுக்கு 1500 யூரோ தண்டம். அங்கே வரிவிலக்கான 'ஐசா' சேமிப்புக்கு இங்கே விலக்கு இல்லை. லண்டன் வீட்டு வாடகைக்கு வரி அங்கேதான், ஆனால் இங்கேயும் காட்டவேண்டும்; இரட்டை வரியை இரு நாட்டு ஒப்பந்தம் தடுக்கும். வெளியேறுவதை பி85 படிவத்தால் பிரித்தானிய வரித் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள்.

பென்ஷன் பற்றி ஒன்று. பிரித்தானிய அரச ஓய்வூதியம் பிரான்சில் வருடாவருடம் கூடும். அதையே இலங்கையிலோ இந்தியாவிலோ போயிருந்து எடுத்தால் தொடங்கிய தொகையிலேயே உறைந்துவிடும். கடைசிக் காலத்தில் ஊருக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். பிரித்தானிய வாக்குரிமையும் போகவில்லை: வெளிநாட்டில் வாழ்கிறவருக்கு இருந்த 15 வருட வரம்பு 2024 ஜனவரி 16இல் நீங்கிவிட்டது, பழைய தொகுதியில் பதியலாம்.

அட்டையைப் புதுப்பித்தல்

முதல் விசா வழக்கமாக ஒரு வருடம். முடிய நான்கு மாதம் இருக்கும்போது இணைய வழி திறக்கும், இரண்டு மாதம் இருக்கும்போது நீங்கள் போட்டு முடித்திருக்கவேண்டும். பிரெஞ்சுக் குடிமகனின் மணத்துணையாகவோ குடும்ப இணைவாலோ வந்தவர் முதல் வருடத்தில் பிரெஞ்சு அரசோடு ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் எழுதி, குடிமை வகுப்புகளுக்குப் போயிருக்கவேண்டும், சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். 2026 ஜனவரி 1 இலிருந்து பல வருட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 நிலைப் பிரெஞ்சு வேண்டும் (ஏ1 இலிருந்து சி2 வரை ஏறும் ஐரோப்பிய மொழித்திறன் படிகள் இவை). குடிமைப் பரீட்சையும் உண்டு. வீட்டில் தமிழும் வேலையில் ஆங்கிலமுமாக இருந்தால் ஒரு வருடத்தில் ஏ2 வராது. நகரசபைகளும் சங்கங்களும் மாலை வகுப்புகளை மலிவாக நடத்துகின்றன, பதிவு பெரும்பாலும் செப்டம்பரில். அட்டை முடியும் தேதிக்கு நான்கு மாதம் முன் வரும் நாளைப் போனில் இன்றைக்கே குறித்துவிட்டு, செப்டம்பர் வகுப்புக்கும் பெயரைக் கொடுங்கள்.